ஃபுல் பிரியாணிக்கு 290 கலோரி: பார்சல் கணக்கு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வேலூரில் ஒரு சிறிய கிளினிக்கில் உணவு ஆலோசனை தரும் எங்களிடம் வந்த ஒருவரின் ஆறு மாதக் கதை இது. அவருடைய ஒப்புதலோடு எழுதுகிறோம். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். எடை, உணவு தொடர்பான கணக்குகளில் கை வைக்கவில்லை.

பின்னணி

வயது 39. ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷூ மேல்பாகம் தைக்கும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வீடு சத்துவாச்சாரியில். மனைவி செவிலியர், மூன்று ஷிப்ட்டிலும் வேலை வரும். வீட்டில் அவருடைய அப்பாவும் பதினொரு வயது மகளும் இருக்கிறார்கள்.

உயரம் 168 செ.மீ., எடை 88.4 கிலோ, பி.எம்.ஐ. 31. நம் ஊர் உடல்வாகுக்கு 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்பதுதான் இங்கே மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவு. மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1. சர்க்கரை நோயின் வாசலில் நிற்கும் எண் அது. மருத்துவர் எடையைக் குறைக்கச் சொன்னதும் இவர் போனில் ஒரு ஆப்பைப் போட்டு, சாப்பிடுவதை எல்லாம் பதிவு செய்ய ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு 1,600 கலோரி என்று இலக்கும் வைத்துக்கொண்டார்.

காலை உணவும் மதியச் சாப்பாட்டு டப்பாவும் வீட்டுச் சமையல். இரவுதான் சிக்கல். மனைவிக்கு மாலை ஷிப்ட்டோ இரவு ஷிப்ட்டோ இருக்கும் நாட்களில், வேலை முடிந்து பைக்கில் பாலாற்றுப் பாலம் தாண்டி, ஆற்காடு வழியாக வரும்போதே பார்சல் வாங்கிவிடுவார். வாரத்துக்கு ஐந்து இரவு இப்படித்தான். இரண்டு நாள் பிரியாணி, இரண்டு நாள் பரோட்டா, ஒரு நாள் வீட்டுக்குப் பக்கத்து வண்டிக்கடையில் சிக்கன் ரைஸ்.

முதல் சந்திப்பில் கண்டது

ஏழு வாரப் பதிவோடு வந்தார். ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. டீக்குப் போட்ட சர்க்கரைகூட இருந்தது. பதிவின்படி தினமும் 1,600-ஐ ஒட்டியே சாப்பிட்டிருக்கிறார். எடையோ ஏழு வாரத்தில் 600 கிராம்தான் இறங்கியிருந்தது.

"மேடம், எனக்குத் தைராய்டு இருக்குமோ?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தைராய்டு பரிசோதனை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, சரியாக இருந்தது. நாங்கள் பதிவை விட்டுவிட்டு எடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டோம். அவருடைய உயரம், எடை, வயது, நாள் முழுக்க நடக்கும் வேலை எல்லாம் சேர்த்தால் உடல் செலவிடுவது நாளுக்குச் சுமார் 2,400 கலோரி. உண்மையிலேயே 1,600 தான் உள்ளே போயிருந்தால் ஏழு வாரத்தில் ஐந்து கிலோவாவது குறைந்திருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறக்குறைய 7,700 கலோரி. உண்மையில் குறைந்ததோ 600 கிராம்தான். அப்படியானால் தினமும் 2,300-க்கு மேல் போயிருக்கிறது. எழுதப்படாமல் நாளுக்கு 700 கலோரிக்கு மேல் எங்கோ இருக்கிறது.

இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பொய் எழுதியதாக நாங்கள் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டார். அப்படி இல்லை என்று விளக்க வேண்டியிருந்தது. நியூயார்க்கில் செய்து 1992-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வு உண்டு. குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்னவர்களைக் கவனமாக அளந்து பார்த்தார்கள். சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்களுடைய உடலின் செலவு வழக்கமான அளவில்தான் இருந்தது. நேர்மையானவர்களுக்கும் இது நடக்கும்.

இவருடைய பதிவில் இரவு வரிகளைத் தேடினோம். "சிக்கன் பிரியாணி, 1 பிளேட், 290." "பரோட்டா, 1, 126." "சேர்வா, 50." "சிக்கன் ஃபிரைடு ரைஸ், 1 பிளேட், 330." ஆப்பில் யாரோ ஒருவர் ஏற்றிய எண்கள் இவை. 290 என்பது சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு கப் பிரியாணிக்குச் சற்றுக் குறைவாகப் போட்ட எண் என்று வைத்துக்கொள்ளலாம். இவர் வாங்கியது ஃபுல்.

பார்சலைப் பிரித்துப் பார்த்தது

கடையில் எழுதிப் போட்டிருந்தால் இந்த வேலையே இல்லை. 2022 ஜூலையிலிருந்து மெனுவில் கலோரி போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் அது மத்திய உரிமம் பெற்ற உணவகங்களுக்கும், பத்து இடங்களிலாவது கிளை வைத்திருப்பவர்களுக்கும்தான். தேக்சாவில் போட்டு அன்றன்றே விற்றுத் தீர்க்கும் சின்னக் கடைக்கு அது பொருந்தாது.

அதனால் அவரை ஐந்து கிலோ வரை காட்டும் ஒரு சமையலறைத் தராசு வாங்கச் சொன்னோம். இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், வழக்கம்போலவே வாங்கி, தட்டில் போடும் முன் எடை பார்க்க வேண்டும். குறைக்க முயற்சிக்கவே கூடாது என்றும் சொன்னோம். அளக்கும்போதே குறைக்க ஆரம்பித்தால் பழைய நிலை என்னவென்று தெரியாமலே போய்விடும்.

பிரியாணிதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது, அதனால் அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். 2019-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்து ஆம்பூர் திருப்பத்தூர் பக்கம் போய்விட்டாலும், வேலூர்க்காரர்களுக்கு ஆம்பூர் பிரியாணி இன்னும் சொந்த ஊர்ச் சாப்பாடுதான். சீரக சம்பா அரிசி, காய்ந்த மிளகாய் அரைத்த விழுது, மிதமான மசாலா. கையில் எண்ணெய் வழியாது. "லேசான பிரியாணி" என்று பெயர் வாங்கியதும் அதனால்தான். சேர்வாவில் மிதக்கும் எண்ணெயைப் பார்த்துப் பயந்து பாதியைக் கொட்டிவிடும் இவர், பிரியாணியை மட்டும் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார். அரிசி உறிஞ்சிக்கொண்ட எண்ணெய் கண்ணுக்குத் தெரிவதில்லை.

கடையின் மாஸ்டரிடம் கலோரி பற்றிக் கேட்டுப் பயனில்லை. அவர் அளவிலேயே கேட்கச் சொன்னோம். இவரும் வாடிக்கையாளர் என்பதால், கூட்டம் இல்லாத நேரத்தில் போய், "பாய், ஒரு கிலோ அரிசிக்கு எவ்வளவு எண்ணெய் போகும்? எத்தனை ஃபுல் வரும்?" என்று கேட்டார். பதில் உடனே வந்தது: "கிலோ அரிசிக்கு கிலோ கறி சார். எண்ணெய் கால் லிட்டர். ஏழு ஃபுல் கட்டலாம்."

இதற்கு மேல் ஆப் தேவையில்லை. ஒரு கிலோ அரிசி 3,500 கலோரி. எலும்போடு ஒரு கிலோ கோழி சுமார் 1,000. கால் லிட்டர் எண்ணெய் 230 கிராம், கிராமுக்கு 9 கலோரி என்றால் 2,070. வெங்காயம், தக்காளி, தயிர் எல்லாம் சேர்த்து ஒரு 400. மொத்தம் 7,000-க்குப் பக்கம். ஏழால் வகுத்தால் ஒரு ஃபுல் பார்சலுக்கு 1,000 கலோரி. மூன்றில் ஒரு பங்கு எண்ணெயிலிருந்து வருகிறது.

தராசும் கிட்டத்தட்ட அதையே சொன்னது. பார்சல்கள் 540-லிருந்து 690 கிராம் வரை மாறின. ஒரே கடை, ஒரே விலை, ஆனால் அள்ளிப் போடும் கை வேறு. சாப்பிட்ட பிறகு எலும்பை எடை பார்த்துக் கழித்தால் உண்மையில் வயிற்றுக்குப் போனது தெரியும். கூடவே வரும் கத்திரிக்காய் தொக்கு 100, வெங்காயப் பச்சடி 30. ஆக, 290 என்று எழுதிய இரவில் உள்ளே போனது 1,100-க்கு மேல்.

பரோட்டா அவ்வளவு புதிராக இல்லை. ஒன்று 95 கிராம் இருந்தது. 60 கிராம் மைதாவும் பத்து கிராம் எண்ணெயும் என்று வைத்தால் 300 கலோரி. மூன்று சாப்பிட்டால் 900. சேர்வாவை ஒரு கிண்ணத்தில் ஊற்றி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னோம். காலையில் மேலே படிந்திருந்ததை ஸ்பூனால் வழித்து எடை பார்த்தார்: 18 கிராம். அந்த எண்ணெய் மட்டுமே 160 கலோரி. மசாலாவோடு கலந்து நிற்கும் எண்ணெய் இதில் வராது, தேங்காய் விழுதும் வராது. அதனால் ஒரு பாக்கெட் சேர்வாவுக்கு 200-க்குக் குறையாமல் போட்டுக்கொள்ளச் சொன்னோம். வண்டிக்கடை சிக்கன் ரைஸ் 500 கிராம், ஏறக்குறைய 900.

ஐந்து இரவுகளையும் கூட்டினால் வாரத்துக்கு 3,500 கலோரி பதிவில் இல்லாமல் போயிருந்தது. நாளுக்கு 500. மீதி 200 சொச்சம், தொழிற்சாலைக் கேண்டீன் பஜ்ஜியும், ஆற்காட்டில் எப்போதாவது நிறுத்தி வாங்கும் மக்கன் பேடாவும் என்று அப்போது எடுத்துக்கொண்டோம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பார்சலை நிறுத்தச் சொல்லவில்லை. மனைவியின் ஷிப்ட் மாறப்போவதில்லை, எழுபது வயது அப்பாவுக்கு எட்டரைக்குள் சாப்பாடு வேண்டும், மகளுக்கு வீட்டுப்பாடம் பார்க்க வேண்டும். "வீட்டிலேயே சமையுங்கள்" என்று எழுதிக் கொடுப்பது எங்களுக்குச் சுலபம். அந்தச் சீட்டு இரண்டாவது வாரம் எங்கே இருக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

அடுத்து, ஆப்பில் உணவின் பெயரைத் தேடுவதை நிறுத்தினோம். எந்தப் பார்சலுக்கும் இரண்டே கேள்வி: எத்தனை கிராம், எப்படிச் சமைத்தது. ஆவியில் வெந்த இட்லி, இடியாப்பம் என்றால் 100 கிராமுக்கு 140. எண்ணெயோடு கலந்த சாதம், அதாவது பிரியாணி, குஸ்கா, சிக்கன் ரைஸ், 180. கல்லில் எண்ணெய் விட்டுச் சுட்ட பரோட்டா 320. வாணலியில் பொரித்தவை, அதாவது "சிக்கன் 65"-உம் பஜ்ஜியும், 280. இவை துல்லியமானவை அல்ல. ஆனால் ஒரு கடையில் பத்து சதவீதம் தவறினாலும், பெயரைத் தேடி மூன்று மடங்கு தவறுவதைவிட மேல். சந்தேகம் வந்தால் கலோரியைக் கூட்டியே போடு என்பதும் விதி. சேர்வா, தொக்கு, சட்னி தனி வரியில் வர வேண்டும், "கூட வந்தது" என்று விடக்கூடாது.

இலக்கை 1,600-லிருந்து 1,900-க்கு உயர்த்தினோம். அவருக்கு இது விளங்கவே இல்லை. எடை குறையாதவனிடம் அதிகம் சாப்பிடச் சொல்கிறீர்களே என்றார். அவர் 1,600 ஒருநாளும் சாப்பிட்டதில்லை. 2,300-லிருந்து 1,900 என்பதே அவருக்குப் பெரிய இறக்கம், தாங்கக்கூடிய இறக்கமும்கூட.

இரவுக்கு 550 என்று பிரித்தோம். ஃபுல் பிரியாணியில் 280 கிராம் தட்டுக்கு, கூட ஒரு அவித்த முட்டையின் வெள்ளையும் வெள்ளரிக்காயும். மீதியை உடனே டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜுக்கு அனுப்ப வேண்டும், வெளியே விட்டால் சாதம் கெடும். பரோட்டா என்றால் ஒன்று, அதோடு சேர்வாவுக்குப் பதில் ஆம்லெட். வாரத்தில் ஒரு நாள் பரோட்டாவுக்குப் பதில் நான்கு இட்லி, சாம்பாரோடு.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா சொன்னது: "சோத்தை எடை போட்டுத் தின்னா ஒடம்புல ஒட்டுமாடா?" ஒட்டக்கூடாது என்பதுதானே திட்டம்.

முதல் மாதமும் மீதிக் கணக்கும்

பிரியாணி சாப்பிட்ட மறுநாள் காலை எடை 1.2 கிலோ கூடியிருந்தது. பதறிப்போய் அன்று காலையும் மதியமும் சாப்பிடாமல் இருந்தார். மாலை கேண்டீனில் ஆறு பஜ்ஜி. உப்பும் மாவுச்சத்தும் உடலில் தண்ணீரைப் பிடித்து வைக்கும், இரண்டு நாளில் இறங்கிவிடும். ஒரே இரவில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமென்றால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஏழு ஃபுல் பிரியாணி சாப்பிட்டிருக்க வேண்டும். இதைச் சொன்ன பிறகுதான் சிரித்தார். அன்றிலிருந்து தினசரி எடையை விட்டுவிட்டு வாரச் சராசரியை மட்டும் பேசினோம்.

நடுவில் ரம்ஜான் மாதம் வந்தது. பக்கத்து வீட்டிலிருந்து தூக்கில் நோன்புக் கஞ்சி வரும். இதை எப்படி எழுதுவது என்று போன் செய்தார். ஒரு கிண்ணம் 200 என்று போட்டுவிட்டு நிம்மதியாகக் குடிக்கச் சொன்னோம்.

நான்கு வார முடிவில் பதிவின் சராசரி 1,900. அதன்படி 1.8 கிலோ குறைந்திருக்க வேண்டும். வாரச் சராசரி எடை உண்மையில் குறைந்ததோ 1.1 கிலோதான். இன்னும் நாளுக்குச் சுமார் 190 கலோரி காணவில்லை.

பார்சல் எண்களை ஏற்றுவதா என்று யோசித்தோம். ஆனால் மாஸ்டர் சொன்ன அளவும் தராசும் ஒத்துப்போயிருந்ததால் அங்கே இவ்வளவு ஓட்டை இருக்க வழியில்லை. கேண்டீன் பஜ்ஜியும் இப்போது பதிவில் வந்துவிட்டது. வீட்டுச் சமையலைப் பார்த்தபோது, ஒவ்வொரு நாளும் "எண்ணெய், 2 டீஸ்பூன்" என்று இருந்தது. மனைவியிடம் மளிகைச் சீட்டைக் கேட்டோம். மாதம் நான்கு லிட்டர். எடையில் 3,640 கிராம். முப்பது நாளுக்கும் நான்கு பேருக்கும் வகுத்தால் ஆளுக்கு 30 கிராம். இரண்டு டீஸ்பூன் என்பது பத்து கிராம்தான். வித்தியாசம் 20 கிராம், 180 கலோரி. தேடியது அங்கே இருந்தது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் 20 முதல் 30 கிராம் என்ற வரம்பைப் பார்த்தால் வீட்டு எண்ணெய் அளவு மோசமில்லை என்று தோன்றும். ஆனால் இவருக்கு அதன்மேல் பார்சல் எண்ணெயும் சேர்கிறது. மாதம் மூன்று லிட்டருக்கு இறக்க முடியுமா என்று கேட்டோம். "கேனைத் தனியா எடுத்து வச்சுக்கறேன், தீர்ந்தா தீர்ந்ததுதான்" என்றார் மனைவி. வீட்டில் வேறு யாரிடமும் சொல்லாமல் அப்படியே செய்தார். அப்பா ருசி மாறியதாக ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்பாராத விளைவு

தராசு சாப்பாட்டு மேசையிலேயே இருந்தது. ஐந்தாவது வாரம் மகள் தன் தோசையைத் தூக்கித் தராசில் வைத்து, "எனக்கு எவ்வளவு கலோரிப்பா?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு நாள் கழித்து, பள்ளிக்குக் கொண்டுபோன டப்பாவில் பாதி திரும்பி வந்தது. மனைவிதான் கவனித்து எங்களுக்குச் சொன்னார்.

வளரும் பிள்ளைக்கு இந்தக் கணக்கு வேண்டாம். அன்றே தராசு சமையலறை அலமாரிக்குப் போனது. எடை பார்ப்பது அடுப்படியில், தட்டு மேசைக்கு வரும் முன். மகள் முன்னால் எண் பேசுவதில்லை, "அப்பா குண்டு" என்ற கேலியும் இல்லை என்று முடிவு செய்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து தராசே தேவைப்படவில்லை. 280 கிராம் பிரியாணி எந்தக் கிண்ணத்தில் எதுவரை வரும் என்று பார்த்து, அந்தக் கிண்ணத்தையே அளவாக வைத்துக்கொண்டார். மகளின் டப்பா பழையபடி காலியாக வர ஆரம்பித்தது. இருந்தும் அடுத்த இரண்டு சந்திப்பிலும் அவளைப் பற்றி விசாரித்துக்கொண்டோம்.

விளைவு

ஆறு மாத முடிவில் எடை 81.9 கிலோ. இடுப்புச் சுற்றளவு 104-லிருந்து 97 செ.மீ. சர்க்கரை சராசரி 5.7. மருந்து எதுவும் தொடங்கவில்லை. இப்போதும் வாரத்துக்கு நான்கைந்து பார்சல் வருகிறது, பிரியாணியும் வருகிறது. ஃபுல் வாங்கி மூன்று பேர் பிரித்துக்கொள்கிறார்கள், கூட இட்லி. இடையில் உறவில் இரண்டு கல்யாணம் வந்தபோது மூன்று வாரம் எடை அப்படியே நின்றது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்தவருக்கு மாற்றுவது

மாத மளிகைச் சீட்டை முதல் சந்திப்பிலேயே கேட்கிறோம். எண்ணெய், சர்க்கரை, நெய் மூன்றும் எத்தனை லிட்டர், எத்தனை கிலோ, வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்தால், பார்சலைத் தொடும் முன்பே பாதி கணக்கு வந்துவிடுகிறது.

தராசு எங்கே இருக்கும், வீட்டில் பிள்ளைகள் யார் என்பதைத் தராசு வாங்கச் சொல்லும்போதே பேசிவிடுகிறோம். எடை பார்ப்பதற்கு இரண்டு வாரம் போதும். அதற்குமேல் கிண்ணம்தான். சாப்பாட்டைப் பார்த்தாலே பதற்றப்படும் பழக்கம் முன்பு இருந்தவர்களுக்குத் தராசு, ஆப் இரண்டையுமே சொல்வதில்லை, மனநல மருத்துவரிடம் அனுப்பிவிட்டு அப்புறம் பார்க்கிறோம்.

மாஸ்டரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளை இப்போது சீட்டில் அச்சடித்துத் தருகிறோம்: கிலோ அரிசிக்கு எவ்வளவு எண்ணெய், எத்தனை பார்சல்? பரோட்டாக் கடை என்றால், ஒரு கிலோ மைதாவுக்கு எத்தனை பரோட்டா. கூட்ட நேரத்தில் கேட்க வேண்டாம் என்று கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம். ஒருவர் ஞாயிறு மதியம் ஒரு மணிக்குக் கேட்டுத் திட்டு வாங்கி வந்தார்.